தரங்கம்பாடி பழைய வீடா, கும்பகோணம் லாட்ஜா, திருக்கடையூர் ரூமா: எங்க தங்கலாம்?

மாயவரத்துல (மயிலாடுதுறைதான்) பொறந்து வளந்தவன்னு தெரிஞ்சா போதும், சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு யாராவது ஒருத்தர் இதக் கேட்டுடுவாங்க. போன வாரம் சித்தி பொண்ணு சென்னையிலேந்து போன் பண்ணா. "அக்கா, மூணு நாள் லீவு, அம்மா அப்பா, பசங்க ரெண்டு பேரு, நாங்க ரெண்டு பேரு. தரங்கம்பாடில ஒரு பழைய வீட்ட கெஸ்ட் ஹவுஸா மாத்தியிருக்காங்க, போட்டோ பாத்ததுலேந்து மனசு அங்கயே நிக்குது. ஆனா அந்த ஒரு ரூம் காசுக்கு கும்பகோணத்துல ரெண்டு ஏசி ரூம் வருதுன்னு இவரு சொல்றாரு. எத எடுக்கட்டும்?"

நான் உடனே பதில் சொல்லல. மூணு எடத்துலயும் தங்கியிருக்கேன், மூணுமே நல்லாவும் இருந்திருக்கு, மூணுலயுமே மாட்டிக்கிட்டு முழிச்சும் இருக்கேன். யாரு வர்றாங்க, எந்த மாசம், எந்தெந்தக் கோயில்னு தெரியாம சொன்னா அது தப்பாத்தான் போகும்.

## ரூம் பாக்குறதுக்கு முன்னாடி

கோயில் ஊருக்கு வர்றவங்க பிளான்ல எப்பவும் விட்டுடுற விஷயம் நடை சாத்துற நேரம். டெல்டாவுல முக்காவாசி கோயில் மத்தியானம் 12, 12:30-க்கு நடை சாத்தினா திரும்ப 4 மணிக்குத்தான் தொறப்பாங்க. அந்த மூணரை நாலு மணி நேரம் எங்க இருக்கப் போறீங்க? நான் மொதல்ல கேக்குறது இதத்தான். கார்லயா, ஏதாவது ஹோட்டல் வாசல்லயா, இல்ல கால நீட்டிப் படுக்க ஒரு எடம் இருக்கா? தங்குற எடம் ராத்திரி தூங்குறதுக்குன்னு நெனைக்கிறோம், ஆனா இந்தப் பக்கம் அதோட அருமை தெரியுறது மத்தியானந்தான்.

ரெண்டாவது, எந்தக் கோயில். நவகிரகம் சுத்த வர்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஒம்போதுல சூரியனார்கோவில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம், ஆலங்குடி இது நாலும் கும்பகோணத்தச் சுத்தி இருக்கு, திங்களூர் திருவையாறு பக்கம், அதையும் கும்பகோணத்துலேந்து பாத்துடலாம். மிச்சம் நாலு, திருநள்ளாறு, கீழப்பெரும்பள்ளம், திருவெண்காடு, வைத்தீஸ்வரன்கோயில், எல்லாம் கெழக்க கடல் பக்கம். ஒரே ஊர்ல தங்கி ஒம்போதையும் முடிக்கணும்னா பாதி நாள் கார்லயே போயிடும்.

மூணாவது கூட வர்றவங்களோட முட்டி. பழைய வீட்டு மாடிப்படி இன்னைக்குக் கட்டுற படி மாதிரி கெடையாது, ஒவ்வொரு படியும் ஒசரம், அகலம் கம்மி, பல வீட்டுல பிடிச்சுக்க ஒரு பக்கம் கயிறுதான் இருக்கும்.

நாலாவது, எந்த மாசம் வர்றீங்கங்குறது. அஞ்சாவதாத்தான் காசு, அதுவும் ரூம் வாடகை மட்டும் இல்ல, மொத்தக் காசு.

## தரங்கம்பாடி: கோட்டைக்குள்ள பழைய வீடு

இதப் பத்தித்தான் கொஞ்சம் அதிகமா சொல்லுவேன், ஏன்னா ஜனங்க தெரியாம எடுக்குறதும் இதத்தான், தெரியாம விடுறதும் இதத்தான்.

தரங்கம்பாடி மெயின் ரோட்டுலேந்து உள்ள திரும்புனதும் ஒரு வெள்ளை வாசல் வரும், 1792-ல டேனிஷ்காரங்க கட்டுனது. அந்த வாசலத் தாண்டிட்டா வேற ஊரு. ஒரே நேர் தெரு, ராஜா வீதி, அந்தக் கோடியில கடல் தெரியும். 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரங்க இங்க டான்ஸ்போர்க் கோட்டையக் கட்டுனாங்க, 1845-ல இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போயிட்டாங்க, நடுவுல ரெண்டேகால் நூற்றாண்டு. 1706-ல வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கத்துக்கிட்டு அச்சுக்கூடம் வெச்சு 1715-ல புதிய ஏற்பாட்டத் தமிழ்ல அச்சடிச்சது இங்கதான். காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்து பக்கத்துல காகிதப் பட்டறையும் போட்டாங்க, அந்த எடத்துக்கு இன்னைக்கும் கடுதாசிப்பட்டறைன்னுதான் பேரு. அவரு கட்டுன புது எருசலேம் தேவாலயம் 1718-ல, அதுலயே அவர அடக்கம் பண்ணியிருக்காங்க. இதெல்லாம் நடந்தே பாக்குற தூரம், மொத்த ஊரையும் ஒரு மணி நேரத்துல சுத்திடலாம். அதனாலதான் பகல்ல வந்துட்டுப் போறவங்க "ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒண்ணும் இல்லையே"ங்குறாங்க. அவங்க சொல்றதும் சரிதான், பகல்ல பாக்க அவ்வளவுதான்.

அங்க ராத்திரி தங்குனவங்களுக்குத்தான் மிச்சம் தெரியும். சாயங்காலம் கோட்டையப் பாக்க வந்த கூட்டம் எல்லாம் பஸ் ஏறிடும், எட்டரை ஒம்போதுக்கு தெரு அடங்கிடும், அப்புறம் அலைச் சத்தம் மட்டும். காலைல அஞ்சரைக்கு மாசிலாமணி நாதர் கோயில் பக்கம் போய் நில்லுங்க, 1306-ல குலசேகர பாண்டியன் காலத்துல கட்டுனது, முன்பக்கத்த கடல் எடுத்துக்கிச்சு, மிச்சம் இருக்குறது தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்குது. சூரியன் கடல்லேந்து நேரா அந்தச் சுவத்துல விழும். அத ஒரு தடவ பாத்துட்டேன், இன்னும் மூணு தடவ அதுக்குன்னே போனேன்.

வீட்டுக்குள்ள என்ன இருக்கும்? திண்ணை, ரேழி, நடுவுல வானம் பாத்த முத்தம் (முற்றம்), சுத்தித் தாழ்வாரம். சுவரு ரெண்டு அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். மேல தேக்கு உத்திரத்து மேல செங்கல்லக் குத்தா நிறுத்தி வெச்ச மெட்ராஸ் டெரஸ், இல்ல நாட்டு ஓடு. கடப்பாக் கல்லோ சிவப்பு ஓடோ தரையில. மே மாசத்துல வெளிய தீயா எரியுறப்ப தாழ்வாரத்துல ஒரு பாயப் போட்டுப் படுத்தா ஏசி வேணும்னே தோணாது, சூடான காத்து முத்தம் வழியா மேல போயிடும், பன்னண்டு ஒரு மணிக்கெல்லாம் கடல் காத்தும் எறங்கிடும். நான் மேல கேட்டேனே, அந்த 12-லேந்து 4 வரைக்கும் எங்க இருக்கப் போறீங்கன்னு, அதுக்கு மூணு எடத்துலயும் இதவிட நல்ல பதில் கெடையாது.

இப்ப மறைஞ்சிருக்குற செலவு.

ஒண்ணு, சாப்பாடு. சின்ன கெஸ்ட் ஹவுஸ்னா நாலு ரூம், ஆறு ரூம்தான், சமைக்கிறது பக்கத்துத் தெரு அக்கா யாராவது, அவங்களுக்கு மத்தியானமே சொல்லிடணும். சொல்லாம ராத்திரி எட்டு மணிக்கு வந்து கேட்டா ஒண்ணும் இருக்காது, வெளிய பெருசா ஹோட்டலும் கெடையாது, பொறையாருக்கோ காரைக்காலுக்கோ வண்டி எடுக்கணும். சொல்லிட்டீங்கன்னா அன்னைக்குக் கரைக்கு வந்த மீன்ல கொழம்பு வெப்பாங்க, அதோட ருசிய நான் எழுதி முடியாது. ஆனா தலைக்கு இவ்வளவுன்னு கணக்கு, ஆறு பேருக்கு ரெண்டு நாள் மூணு வேளைன்னா ரூம் வாடகையில பாதி வந்துடும்.

ரெண்டு, டிரைவர். வாடகைக் கார்ல வந்தா டிரைவருக்குத் தங்க எடம் இந்த மாதிரி வீட்டுல பெரும்பாலும் இருக்காது. பேட்டா தனி, ரூம் தனி. அந்தப் பையன் ராத்திரி கார்லயே கொசுக்கடியில படுத்துட்டு காலைல நம்மள ஓட்டிக்கிட்டு போறத நெனைச்சுப் பாருங்க. இத மொதல்லயே கேட்டுடுங்க.

மூணு, வரி. ஒரு ரூம் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதுக்கு மேல போச்சுன்னா 18. பெரிய ஹெரிடேஜ் பங்களா ரூம் எல்லாம் லீவு நாள்ல இந்தக் கோட்டத் தாண்டிடும். 7,400 ரூபாய்க்கும் 7,600 ரூபாய்க்கும் வித்தியாசம் எரநூறுன்னு நெனைப்போம், பில்லு வரும்போது ஆயிரத்துக்கு மேல நிக்கும்.

நாலு, அட்வான்ஸ். எனக்கு ஒரு தடவ நடந்துச்சு, ஐப்பசில புக் பண்ணேன், புயல் எச்சரிக்கை வந்துடுச்சு, போக முடியல, அட்வான்ஸ் முழுசும் போச்சு, தேதி மாத்திக் குடுங்கன்னு கேட்டதுக்கும் முடியாதுன்னுட்டாங்க. மழைக்காலத்துல கடலோரம் புக் பண்றவங்க தேதி மாத்தலாமான்னு வாட்ஸ்ஆப்ல எழுத்துல வாங்கி வெச்சுக்குங்க.

இன்னொண்ணு, இது செலவு இல்ல, தெரிஞ்சுக்க வேண்டியது. சுவத்துல கீழ ரெண்டு மூணு அடிக்கு வெள்ளையாப் பூத்து பெயிண்ட் உரிஞ்சிருக்கும். பாத்ததும் "இவ்வளவு காசு வாங்கிட்டு பெயிண்ட் கூட அடிக்கலையா"ன்னு கோவம் வரும், எங்க வீட்டுக்காரரு கேட்டே கேட்டுட்டாரு. அது உப்பு. கடலோர மண்ணுல இருக்குற உப்புத்தண்ணி சுவத்துல ஏறி, தண்ணி காஞ்சு உப்பு மட்டும் நின்னுடும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தா சுவரு மூச்சு விடும், உதிர்ந்த எடத்த திரும்பப் பூசிக்கலாம். அவசரப்பட்டு சிமெண்ட் பூசினவங்க வீட்டுல ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளுக்குள்ளயே செங்கல்ல அரிச்சுடும். அதனால உதிர்ற சுண்ணாம்புச் சுவரு, வீட்ட ஒழுங்காப் பாத்துக்குறாங்கங்குறதுக்கு அடையாளம். ஏசி வெளிப்பெட்டி, ஜன்னல் கம்பி, கீல் எல்லாமே உப்புக் காத்துல சீக்கிரம் துருப்பிடிக்கும், வாடகை ஏன் ஜாஸ்திங்குறதுக்கு பாதி காரணம் அங்கதான் இருக்கு. இந்த மாதிரி வீடு நிக்கிறதே யாராவது வந்து தங்கி காசு குடுக்குறதாலதான். அதே ஊர்ல பூட்டிக் கெடந்து கூரை உள்ள விழுந்த வீடுங்களையும் பாத்திருக்கேன், மனசு கேக்கல.

இங்க ஓசோன் காத்து ஜாஸ்தி, ஒடம்புக்கு நல்லதுன்னு யாராவது சொல்லுவாங்க. அதுக்காக வராதீங்க. தரை மட்டத்துல ஓசோன் ஜாஸ்தியா இருந்தா நுரையீரலுக்குக் கெடுதல்தான். நல்ல கடல் காத்து, அது போதும். கடல்ல குளிக்கவும் பசங்கள விடாதீங்க, பாறையும் இழுப்பும் இருக்கு.

யாருக்கு இது சரி: ரெண்டு ராத்திரி முழுசா இருக்க முடியுறவங்க, ஒரு நாளைக்கு ஒரு கோயிலுக்கு மேல போகணும்னு அடம் பிடிக்காதவங்க, பெரியவங்களுக்குக் கீழ்த்தள ரூம் கெடைச்சவங்க. ஒரே ஒரு ராத்திரிக்கு, அதுவும் ராத்திரி ஒம்போதுக்கு வந்து காலைல ஆறுக்கு கெளம்புறதுக்கு இத எடுக்காதீங்க.

## கும்பகோணம்: ஸ்டேஷன் பக்கம் லாட்ஜ், ஹோட்டல்

வசதின்னா இதுதான். ரயில் ஊருக்குள்ளயே வருது, உழவன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி எழும்பூர்ல ஏறினா காலைல எறங்கி நேரா ரூமுக்குப் போயிடலாம். ஆட்டோ எந்நேரமும். லிஃப்ட் இருக்குற ஹோட்டல் நெறைய, வெஸ்டர்ன் டாய்லெட், சுடுதண்ணி, ஜெனரேட்டர், எதுவும் கேக்கவே வேண்டாம். காலைல டிகிரி காபி, கெடைச்சா இட்லிக்குக் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கெழங்கும் போட்ட கொழம்பு), ராத்திரி பத்து மணிக்கும் டிபன். சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு இதவிட நிம்மதியான ஊரு டெல்டாவுல இல்ல.

தாராசுரம் மூணு நாலு கிலோமீட்டர்தான், 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த ஐராவதேஸ்வரர் கோயில், சாயங்கால வெயில்ல பாக்கணும். சுவாமிமலையும் பக்கந்தான், தஞ்சாவூர் 40 கிலோமீட்டர்.

மறைஞ்சிருக்குற செலவு இங்க காசு இல்ல, தூக்கம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரோட்டப் பாத்த ரூம்னா ஏர் ஹாரன்லயே விடிஞ்சுடும், பின்பக்க ரூம் கேளுங்க. பழைய லாட்ஜுல 24 மணி நேர செக்-அவுட் இருக்கும், நீங்க காலைல ஆறுக்கு நொழைஞ்சா மறுநாள் ஆறு வரைக்கும். புது ஹோட்டல்ல 12-க்கு 12, ரயில்ல விடியக்காலம் வந்து எறங்குனா அரை நாள் வாடகை சேத்துக் கேப்பாங்க. இந்த ஒரு விஷயத்துல பழைய லாட்ஜே மேல். முகூர்த்த நாளு, மாசி மகம் இந்த மாதிரி நேரத்துல வாடகை ஏறிடும், 2028-ல மகாமகம் வருது, அந்த வருஷம் வர்றவங்க பிளான வேற மாதிரிதான் போடணும்.

மத்தியானம் இங்க என்ன பண்றதுன்னா, ரூம்ல ஏசியப் போட்டுட்டு ஃபோன் பாக்குறதுதான். பசங்க அதுக்கு மேல ஒண்ணும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. ஆனா நாலு நாள்ல இருவது கோயில் பாக்கணும்னு நேந்துக்கிட்டு வர்றவங்களுக்கு இது போதும், இதுதான் சரி.

## திருக்கடையூர்: கோயில் வாசல்ல ரூம்

இங்க ரூம் எடுக்க ஒரே காரணம் விசேஷம். அறுவதாம் கல்யாணம், எழுவதுக்கு பீமரத சாந்தி, எம்பதுக்கு சதாபிஷேகம். எங்க மாமாவுக்கு அறுவதாம் கல்யாணம் இங்கதான் பண்ணோம், பதினாலு பேரு வந்தோம். விடியக்காலம் நாலு மணிக்கு குளிச்சு மடியா நிக்கணும், கலச பூஜை, அபிஷேகம், தாலி கட்டுறது எல்லாம் காலைலயே முடியணும், அப்ப கோயில்லேந்து கூப்புடு தூரத்துல ரூம் இருந்தே ஆகணும். தரங்கம்பாடி எட்டு கிலோமீட்டர்தானே, அங்கேந்து வந்துடலாம்னு நெனைச்சு மாமாவோட நண்பர் ஒருத்தர் அங்க தங்குனாரு, மூணரைக்கு எழுந்து, வண்டிக்குக் காத்திருந்து, வந்து சேந்தப்ப தாலி கட்டி முடிஞ்சிடுச்சு. பாவம், அவருக்கு ரொம்ப வருத்தம்.

செலவு எங்க ஒளிஞ்சிருக்கும்னா பேக்கேஜ்ல. ரூம், வாத்தியார், பூஜை சாமான், மால, சாப்பாடு எல்லாம் சேத்து ஒரு தொகை சொல்லுவாங்க. எத்தன கலசம், எத்தன இலை, மேளம் உண்டா, வாத்தியார் தட்சணை உள்ள அடக்கமா, இதெல்லாம் பிரிச்சு எழுதி வாங்கிடுங்க. விசேஷம் இல்லாம சும்மா தங்க இந்த ஊர எடுக்க வேண்டாம். விடியக்காலம் நாலு மணிக்கு நாதஸ்வரம் ஆரம்பிச்சுடும், தூங்க முடியாது.

## நாலாவதா ஒண்ணு: ஆத்தங்கரை கிராமத்து வீடு

கும்பகோணம், தஞ்சாவூர் சுத்துவட்டாரத்துல அக்ரகாரத்து வீடு, மிராசு வீடு சிலத சரி பண்ணி தங்க விடுறாங்க. நல்ல விஷயம். ஆனா "ஆத்தப் பாத்த வீடு"ன்னு போட்டோவ நம்பி ஏப்ரல்ல வராதீங்க. மேட்டூர் தண்ணி வழக்கமா ஜூன் 12-ல தொறந்து ஜனவரி 28-ல மூடுறது, அதுவும் அணையில தண்ணி இருந்தாத்தான். பங்குனி சித்திரையில காவேரி வெறும் மணல். ஆடிப் பதினெட்டு சமயம், இல்ல தை மாசம் கதிர் முத்தி நிக்கிறப்ப வந்தா அந்த வீட்டோட அழகு தனி.

## பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா

| | தரங்கம்பாடி பழைய வீடு | கும்பகோணம் லாட்ஜ் | திருக்கடையூர் ரூம் |
|---|---|---|---|
| ரயில் | மாயவரம் எறங்கி சுமார் 30 கிமீ (நேர் லைன் 1986-லயே நின்னு போச்சு) | ஊர்லயே | மாயவரம் எறங்கி கார், பஸ் |
| மத்தியானம் 12–4 | தாழ்வாரம், கடல் காத்து | ஏசி ரூம் | ரூம், கூட்டம் |
| முட்டி வலி உள்ளவங்க | கீழ்த்தளம் கெடைச்சா மட்டும் | லிஃப்ட் உண்டு | கீழ் ரூம் முன்னாடியே சொல்லணும் |
| ராத்திரி சாப்பாடு | மத்தியானமே சொல்லணும் | எப்ப வேணா | விசேஷ நாள்ல பந்தி, இல்லன்னா சின்ன ஹோட்டல் |
| கிட்ட இருக்குற கோயில் | திருநள்ளாறு, கீழப்பெரும்பள்ளம், திருவெண்காடு | சூரியனார்கோவில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம், ஆலங்குடி, தாராசுரம் | அபிராமி சன்னதி வாசல்லயே |
| தவிர்க்க வேண்டிய நேரம் | ஐப்பசி, கார்த்திகை மழை | மாசி மகம், பெரிய முகூர்த்தம் | விசேஷம் இல்லாத எந்த நாளும் |

## சித்தி பொண்ணுக்கு நான் சொன்னது

மூணு நாளையும் ஒரே எடத்துல போடாதன்னேன். ரயில்ல கும்பகோணம் வந்து எறங்கு, பழைய லாட்ஜுல 24 மணி நேரக் கணக்குல ஒரு நாள், அன்னைக்கு சித்திக்குப் பாக்க வேண்டிய கோயில முடிச்சுடு, தாராசுரத்த சாயங்காலத்துக்கு வெச்சுக்கோ. மறுநாள் காலைல கெளம்பி வைத்தீஸ்வரன்கோயில் பாத்துட்டு நடை சாத்துறதுக்குள்ள முடிச்சு, மத்தியானச் சாப்பாட்டுக்கு தரங்கம்பாடி வந்துடு. அங்க ரெண்டு ராத்திரி. அதுக்கப்புறம் திருநள்ளாறு தவிர வேற கோயில் பேரே எடுக்காத, பசங்கள தெருவுல விடு, கோட்டையச் சுத்தட்டும், சித்தப்பா திண்ணையில உக்காந்து பேப்பர் படிக்கட்டும். கும்பகோணத்துல மூணு நாளும் ரெண்டு ஏசி ரூம் போடுறதோட ஒப்பிட்டா கொஞ்சம் ஜாஸ்திதான் வரும், ஆனா மூணு நாளையும் தரங்கம்பாடில போடுறதவிட கம்மி, கார் சுத்துற தூரமும் கொறையுது.

"மாடி ரூம்ல கடல் தெரியுதாம் அக்கா, அத எடுக்கவா?"ன்னா. சித்தியால ஏற முடியுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. "கீழயே எடுத்துக்குறேன், நாங்க வேணும்னா மாடியில போய் நின்னு பாத்துட்டு வர்றோம்"னு சொன்னா.

போன் பண்ணி புக் பண்றப்ப கேக்கச் சொன்னதையும் எழுதிடுறேன். கீழ்த்தளத்துல எத்தன ரூம், பாத்ரூம் ரூமோட சேந்ததா இல்ல முத்தத்தத் தாண்டிப் போகணுமா (பல பழைய வீட்டுல பாத்ரூம் கொல்லைப் பக்கந்தான், ராத்திரி பெரியவங்களுக்குக் கஷ்டம்). கரண்ட் போனா ஃபேன் ஓடுமா ஏசியும் ஓடுமா. குளிக்கிற தண்ணி உப்பா நல்ல தண்ணியா. கொசுவலை உண்டா, எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவு, டிரைவருக்கு எடம் எங்க. சமைக்கிற அக்காகிட்ட எத்தன மணிக்குள்ள சொல்லணும், சைவத்துக்குத் தனிப் பாத்திரம் உண்டா. சொன்ன வாடகை வரியோடவா வரி இல்லாமயா. மழை வந்தா தேதி மாத்தித் தருவீங்களா. இதுக்கெல்லாம் அலுத்துக்காம பதில் சொல்ற வீடா இருந்தா தைரியமா அட்வான்ஸ் போடுங்க.